முடிவு கவுண்டரில் சொல்லப்படும்

எங்கள் வாசகர் வட்டத்தில் போன மாதம் ஒரு சண்டை. பழைய நாவல் ஒன்றைத் தொடராக எடுத்து செல்போனில் விட்டிருக்கிறார்களாம். இயக்குநர் கதையைக் கெடுத்துவிட்டான் என்று பாதிப் பேர். கதையே சுமார்தான், அவன்தான் தூக்கி நிறுத்தியிருக்கிறான் என்று மீதிப் பேர். வாங்கி வைத்த போண்டா ஆறிப்போகும்வரை கத்திவிட்டு, கடைசியில் என் பக்கம் திரும்பினார்கள்.

"பத்மாக்கா, நீங்க வாடகை நூலகத்துல வேலை பார்த்தவங்க. சினிமாப் பைத்தியம் வேற. நீங்களே சொல்லுங்க. படம் பெருசா, புக் பெருசா?"

நான் போண்டாவை மென்றபடி, "நீங்க எந்தப் பிரதியைப் படிச்சீங்கன்றதைப் பொறுத்தது" என்றேன். ஏதோ தத்துவம் உதிர்த்துவிட்டேன் என்று நினைத்துக் கைதட்டினார்கள். தத்துவமெல்லாம் இல்லை, பட்ட அனுபவம். அதை ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்றார்கள். கேட்டவர்கள் அனுபவிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே ஒற்றை ஷட்டர் போட்ட கடை எங்களுடையது. இரும்புலியூரிலிருந்து தினமும் நடந்தே போய்விடுவேன். வாடகை நூலகத்தில் ஓய்வுபெறும் வயது என்று எதுவும் கிடையாது. ஸ்டூல் மேல் ஏறி மேல்தட்டை எட்டமாட்டேன் என்று என் முட்டி அறிவித்த நாளில் ஓய்வுபெற்றேன். வேலை கற்றுக்கொண்டது பெரிய கதை இல்லை. அட்டை போட, முத்திரை குத்த, யார் எதைப் படித்துவிட்டார்கள் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு மழைக்காலம் போதுமானதாக இருந்தது. மீதி வருடங்களெல்லாம் முதலாளியைக் கற்றுக்கொள்வதில் போயின.

முதலாளி பெயர் காதர் பாய். அவருடைய அத்தா குரோம்பேட்டையில் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவர். பாய் அங்கிருந்து கொண்டுவந்தது ஒரு தோல் ஊசி மட்டும்தான். அந்த ஊசியால், மெழுகு தடவிய நூலைக் கோத்து, புத்தகங்களைச் செருப்புத் தைப்பதுபோல் தைப்பார். எங்கள் கடைப் புத்தகத்தைக் கீழே போட்டால் தரைக்குத்தான் ஆபத்து. இஸ்திரி போட்ட வெள்ளை அரைக்கைச் சட்டை, முன்னால் மைதா பசைக் கிண்ணம். பேச்சு கொஞ்சம்தான். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஊரப்பாக்கத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாலும் சொல்வார், குழந்தைக்குப் பெயர் வைக்க எழுத்து எது என்று கேட்டாலும் சொல்வார். தலையை நிமிர்த்தாமல், பசையைக் கிண்டியபடி, அவர் சொல்லும் விதத்தில் யாருக்கும் சந்தேகமே வராது.

எங்கள் கடைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. அது தெரியாமல் இந்தக் கதை புரியாது.

வாடகைப் புத்தகத்தைப் பஸ்ஸில் படிப்பார்கள், சமையல்கட்டில் கவிழ்த்து வைப்பார்கள், தலையணைக்கடியில் வைத்துத் தூங்குவார்கள். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்தான் முதலில் கழன்று போகும். முதல் பக்கம் போனால் யாருக்கும் நஷ்டமில்லை, சமர்ப்பணம்தான் இருக்கும். கடைசிப் பக்கம் போனால் மற்ற கடைக்காரர்கள் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடுவார்கள். பாய் போடமாட்டார். பின்னட்டையின் உட்புறத்தில் ஒரு சீட்டை ஒட்டி அலமாரியில் வைத்துவிடுவார். சீட்டில் "முடிவு கவுண்டரில் சொல்லப்படும்" என்று எழுதியிருக்கும்.

சொல்வது என் வேலை. அதற்கு ஒரு முறை உண்டு. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் சொல்ல வேண்டும். எதுவரை படித்தார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். பின்னால் நிற்பவர் காதில் விழக்கூடாது, அவரை ஏதாவது ஓர் அலமாரிப் பக்கம் விரட்டிவிட வேண்டும். அழுகையைக் குரலில் கொண்டுவரக் கூடாது. "எழுதினவர் சொன்னதை மட்டும் சொல்லும்மா. அழுவணும்னா அவங்களே அழுதுப்பாங்க" என்பார் பாய். சிலர் வீட்டுக்காரரை அனுப்பி முடிவைக் கேட்டுவரச் சொல்வார்கள். அந்த மனிதர்கள் ரேஷன் கடைச் சாமான் மாதிரி அதை மனப்பாடம் செய்துகொண்டே போவார்கள். ஒருவர் வழியில் யாருடனோ பேசி மறந்துபோய், குரோம்பேட்டை ஸ்டேஷன் வரைக்கும் போனவர் திரும்பி வந்து மறுபடி கேட்டார்.

பெரும்பாலான புத்தகங்களை அவை முழுசாக இருந்தபோதே நான் படித்திருப்பேன். படிக்காததை பாயிடம் கேட்பேன். பாய்க்குத் தெரியாத முடிவே கிடையாது. அப்படித்தான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

கதையிலிருந்து படம் வந்தால் எங்கள் கடையில் அது திருவிழா. அந்தப் புத்தகம் அலமாரியிலிருந்து இறங்கி கவுண்டர் மேல் வந்து உட்கார்ந்துவிடும், ஒருநாள் வாடகைக்கு மட்டும். எடுக்க வருபவரிடம் பாய், "முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்பார். படம் பார்ப்பதற்கு முன்னால் படிக்கிறாயா, பார்த்த பின்னாலா என்று அர்த்தம். பின்னாடி ரகம் நிம்மதியானது. கதாநாயகனுக்கு மூக்கு எப்படி என்று கற்பனை செய்யும் சிரமம் இல்லை, நடிகரின் மூக்கையே ஒட்டிக்கொண்டு படித்துவிடும். முன்னாடி ரகம்தான் பேஜார். தியேட்டருக்குள் பரீட்சை ஹாலில் கண்காணிப்பாளர் மாதிரி போய் உட்காரும். இங்கே அத்தை வரணுமே, அத்தையை எங்கே காணோம் என்று பக்கத்து சீட்டைப் பிடுங்கி எடுக்கும்.

நான் முன்னாடி ரகம். என் வீட்டுக்காரர் என்னோடு அப்படிப்பட்ட படத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். புத்தகத்தில் மூன்று பக்கம் பெய்த மழையைப் படத்தில் ஒரு நொடியில் கொட்டி முடித்துவிடுவார்கள், பிறகு கதாநாயகி அதில் நனைந்து நாலு நிமிடம் ஆடுவாள். பொறுக்குமா? ஆனால் நியாயமும் பேச வேண்டும். கதையில் ஆறு பக்கம் புலம்பியதை ஒரு நல்ல நடிகை சாப்பாட்டுத் தட்டைச் சற்றே தள்ளிவைத்துச் சொல்லிவிடுவாள். அப்போது அந்த ஆறு பக்கத்தையும் கத்தரித்துப் போட்டால் என்ன என்று நூலகத்தில் சம்பளம் வாங்கிய எனக்கே தோன்றியிருக்கிறது.

பாய் சினிமாவுக்குப் போகமாட்டார். ஆனால் கதையிலிருந்து எடுத்த படம் என்றால், திங்கட்கிழமை காலையில் நான் செருப்பைக் கழற்றும்போதே பசைக் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, "சொல்லும்மா" என்பார். ஒரு காட்சி விடாமல் சொல்லியாக வேண்டும்.

இனி மரகதத்துக்கு வருகிறேன். அந்த நாவலின் பெயரை நாங்கள் யாரும் சொல்லிக்கொண்டதில்லை, மரகதம் கதை என்றுதான் சொல்வோம். மரகதம் வீட்டுக்கு மூத்தவள். டைப்பிஸ்ட் வேலை. நோயாளி அம்மா, படிக்கிற தம்பி தங்கைகள், எல்லாரையும் அவள் சம்பளம்தான் தாங்குகிறது. அவளை விரும்பிய ஒருவன் டெல்லியில் வேலை கிடைத்துப் போய்விடுகிறான். இனியும் காத்திருக்க முடியாது, வந்துவிடு என்று எழுதுகிறான். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு சென்ட்ரலுக்குப் போகிறாள். வண்டி நிற்கிறது. ஒரு காலைப் படியில் வைக்கிறாள். விசில் ஊதுகிறது. எங்கள் பிரதி அந்த விசிலோடு முடிந்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாய் அதைப் பழைய புத்தகக் கட்டு ஒன்றில் வாங்கி வந்தார். வரும்போதே கடைசிப் பக்கங்கள் இல்லை. அதை வெளியிட்ட பதிப்பகத்தையும் அப்போதே மூடிவிட்டார்களாம், அதனால் வேறு பிரதி கண்ணிலேயே படவில்லை.

"பாய், இதுக்கு முடிவு என்ன?" என்று கேட்டேன்.

"ஏறிட்டா" என்றார்.

"அப்புறம்?"

பசையை இரண்டு சுற்று கிண்டினார். "வண்டி ஆந்திராவுல கூடூர்ல நிக்கறப்போ ஜன்னல் வழியா ஒரு காபி வாங்கிக் குடிக்கிறா. அவ காசுல, அவளுக்குன்னு வாங்குன மொத காபி. அதோட முடிச்சிருக்கார்."

எனக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று. என்ன எழுத்து! அந்த முடிவை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அஸ்தினாபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து கேட்டுப் போனவர்கள் உண்டு. கூடூர் காபி என்றால் எங்கள் உறுப்பினர்களுக்குள் ஒரு சங்கேதமாகவே ஆகிவிட்டது. யாராவது ஒரு பெண் வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் தனக்கென்று ஏதாவது வாங்கிக்கொண்டால், "கூடூர் காபி குடிச்சாச்சா?" என்று கேட்டுச் சிரிப்போம்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும், மரகதம் கதை படமாக வந்தது. தாம்பரம் தியேட்டரில் முதல் ஞாயிற்றுக்கிழமையே எங்கள் உறுப்பினர்கள் ஒரு வரிசையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். படம் நன்றாகவே இருந்தது. டைப்ரைட்டர் சத்தம் மட்டும் கேட்க, மரகதம் தூங்கும் தங்கையைப் பார்க்கும் இடத்தில் எனக்குக் கண் கலங்கியது. சென்ட்ரல் வந்தது. கால் படியில். விசில். நாங்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். மரகதம் காலை எடுத்துக் கீழே வைத்தாள். வயலின் அழுதது. வண்டி போயிற்று. வீட்டுக்கு வந்து பெட்டியைப் பரண்மேல் போட்டுவிட்டு அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தாள். வணக்கம் போட்டுவிட்டார்கள்.

எங்கள் வரிசை கொதித்துப்போனது. "அவ ஏறினாளேடா!" என்று ஒரு பெரியவர் திரையைப் பார்த்தே கத்தினார். "கூடூரை வெட்டிட்டான், கூடூரை வெட்டிட்டான்" என்று பெண்கள் பக்கம் ஒரே புலம்பல். டார்ச் லைட்டோடு வந்த தியேட்டர்காரர் மிரண்டுபோய், "மேடம், நாங்க ஒரு ரீலையும் வெட்டலை" என்று சத்தியம் செய்தார்.

மறுநாள் பாய் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, "சொல்லும்மா" என்றார்.

"இறங்கிட்டா பாய்!" என்றேன், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"யாரு?"

"மரகதம்தான். எவ்வளவு பெரிய எழுத்தாளர் எழுதின முடிவு, அதைப் போய் மாத்தி வெச்சிருக்கான்!"

பாய் கிண்ணத்தைப் பார்த்தார். "கூடூர் இல்லியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். கிண்ணத்தை மறுபடி இழுத்து வைத்துக்கொண்டார். ஒரு காட்சிகூடச் சொல்லச் சொல்லவில்லை. எனக்கு அது விசித்திரமாகப் பட்டது, ஆனால் அன்றைக்கு இருந்த கோபத்தில் அதை யோசிக்கவில்லை. பத்திரிகை விமர்சனங்கள் வேறு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றின. மூலக்கதையைத் துளியும் மாற்றாமல் எடுத்த படமாம். விமர்சகர்கள் எவனும் புத்தகத்தைக் கையால் தொடவில்லை என்று நாங்கள் தீர்மானித்துக்கொண்டோம்.

இந்தக் கலகத்துக்குத் தலைமை தாங்கியவள் எஸ்தர். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பதுகளில் அஸ்தினாபுரத்தில் இருந்தாள், ஒரு தனியார் பள்ளியில் டீச்சர், எங்கள் கடையின் மிகப் பழைய உறுப்பினர்களில் ஒருத்தி. பிறகு நாக்பூருக்குப் போய் அங்கே கல்யாணம் செய்துகொண்டாள். பல வருடம் கழித்து, கணவருக்கு மாற்றல் கிடைத்து, ஊரப்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்தாள். வந்த வாரமே மறுபடி உறுப்பினராகச் சேர்ந்துவிட்டாள். சிரித்த முகம், கணீர் குரல். அந்தக் குரலில் அவள் ஒரு கண்டனக் கடிதம் எழுதி எங்களுக்கு வாசித்துக் காட்டினாள்.

"மூலக்கதையின் முடிவை மாற்றி வாசகர் மனத்தைப் புண்படுத்திய இயக்குநரை வன்மையாகக் கண்டிக்கிறோம். குறிப்பாக, கூடூர் காபிக் காட்சியை நீக்கியது மன்னிக்க முடியாதது."

எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். ஒரு வார இதழ் ஆபீசுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதாகத் திட்டம். "மொத கையெழுத்து பாய் போடணும், அதுக்கு இடம் விட்டு வெச்சிருக்கேன்" என்றாள் எஸ்தர். பாய் அந்த நேரம் பார்த்துத் தொழுகைக்குக் கிளம்பிவிட்டார். அடுத்த தடவை நூல் வாங்கக் கிளம்பிவிட்டார். அதற்கடுத்த தடவை ஏணிமேல் ஏறிக்கொண்டு இறங்கவே இல்லை.

அந்த வாரக் கடைசியில் விநியோகஸ்தரின் பார்சல் வந்தது. பிரித்தால், மரகதம் கதையின் புதுப் பதிப்பு. படம் ஓடுகிற சூட்டில் வேறொரு பதிப்பகம் அட்டையில் நடிகையின் படத்தைப் போட்டு அடித்திருக்கிறது. நான் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். மரகதம் காலை எடுத்துக் கீழே வைத்தாள். வீட்டுக்குப் போனாள். பெட்டி பரண்மேல் ஏறியது. மாத்திரை, தண்ணீர், முற்றும். படத்தில் வந்தது வரிக்கு வரி அப்படியே இருந்தது. கூடூர் என்ற ஊரின் பெயரே புத்தகத்தில் எங்கும் இல்லை.

"பாய்," என்றேன். "நீங்க இதைப் படிச்சதே இல்லையா?"

"படிச்சேனே."

"எதுவரைக்கும்?"

"இருக்கற வரைக்கும்."

"அப்போ முடிவு?"

"பக்கம் இல்லியேம்மா. எங்கேர்ந்து படிக்கறது?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை வருடம் கவுண்டரில் நின்றுகொண்டு, எழுதினவர் சொன்னதை மட்டும் சொல்கிறேன் என்ற கர்வத்தோடு, நான் பாயின் சொந்தச் சரக்கை விற்றிருக்கிறேன். "ஏன் பாய் அப்படிச் சொன்னீங்க?" என்று கத்தியே விட்டேன்.

அவர் உண்மையாகவே யோசித்தார். "ஒரு கால் படியில, ஒரு கால் பிளாட்பாரத்துல. விசிலும் ஊதியாச்சு. பொம்பளைப் புள்ளைய எவ்ளோ நேரம் அப்படியே நிக்க வெக்கறது? விழுந்துடாது?" என்றார்.

இந்தப் பதிப்பு கடைகளுக்கு வந்துவிட்டது. கடிதம் பத்திரிகையில் வந்தால் ஊரே எங்களைப் பார்த்துச் சிரிக்கும். தாம்பரத்தில் ஒரு நூலகம் இருக்கிறது, அங்கே இல்லாத காட்சியைக் காணோம் என்று தேடுகிறார்கள் என்பார்கள். அதோடு முடியுமா? பாய் சொன்ன மற்ற முடிவுகளை இனி யார் நம்புவார்கள்? கடையின் பெயரே அந்த ஒரு சீட்டில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. எஸ்தரிடம் நான் ஏதாவது சாக்குச் சொல்லிக் கடிதத்தை வாங்கிவிடுகிறேன் என்றேன். பாய் வேண்டாம் என்று தலையசைத்தார். "நான் சொன்னது. நானே சொல்லிக்கறேன்."

மதியச் சாப்பாட்டு நேரம், ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தோம். எஸ்தர் குனிந்து உள்ளே வந்தாள், கையில் கடிதம், பேனா. "இன்னிக்கு நீங்க ஓட முடியாது பாய்" என்று சிரித்தாள்.

பாய் பேனாவை வாங்கி மூடி, மேசைமேல் வைத்தார். "எஸ்தரும்மா, அந்த முடிவு நான் சொன்னது."

"ஆமா, நீங்கதான் சொன்னீங்க. பத்மாக்காவும் சொன்னாங்க."

"அது இல்லம்மா. நானா சொன்னது. புக்குல அப்படி இல்ல. படத்துல வர்றதுதான் புக்குல இருக்குது."

நான் புதுப் பதிப்பின் கடைசிப் பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். அவள் படிக்கவில்லை, பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்துவிடுவாள் என்று நான் நினைத்தேன். பிறகு எங்கள் கடையில் பல வருடம் சொல்லிச் சிரிக்க ஒரு கதை கிடைத்ததாகிவிடும். ஆனால் அவள் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துகொண்டாள்.

"எங்கம்மாவுக்கு ஆஸ்துமா. ரெண்டு தம்பி, ஒரு தங்கச்சி. எல்லாருக்கும் என் சம்பளம்தான்" என்றாள். கணீர் குரல் எங்கோ போயிருந்தது. "அவர் நாக்பூர்லேர்ந்து எழுதிட்டே இருந்தாரு. போறதா வேணாமான்னு தூக்கமே இல்ல. அப்போதான் இந்தக் கதையைப் படிச்சேன். படிச்சுட்டு இங்க வந்து நின்னேன். அன்னிக்கு அக்கா லீவு. நீங்கதான் சொன்னீங்க பாய். ஏறிட்டான்னு. மறுநாள் போய் டிக்கெட் எடுத்தேன்."

பாய் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"கூடூர்ல நானும் காபி வாங்கினேன். வாயில வெக்க முடியல, அவ்ளோ கசப்பு. மரகதம் குடிச்சாளேன்னு கடைசி வரைக்கும் குடிச்சேன். அம்மா சாகறப்போ நான் பக்கத்துல இல்ல பாய். தங்கச்சி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுறா. அப்பல்லாம் எனக்கு நானே ஒண்ணு சொல்லிப்பேன். அவ்ளோ பெரிய எழுத்தாளர், நல்லது கெட்டது எல்லாம் யோசிச்சுத்தானே ஏத்திவிட்டிருப்பாரு, அப்போ நான் செஞ்சதும் தப்பா இருக்காதுன்னு. இப்போ நீங்க, பசையைக் கிண்டிட்டே சொன்னதுன்றீங்க."

பாய் எழுந்து நின்றார்.

"எழுதினவர் அவளைத் திருப்பி வீட்டுக்கு அனுப்பியிருக்காரு. நீங்க ஏத்திவிட்டிருக்கீங்க. ஏத்திவிட நீங்க யாரு பாய்?"

"யாருமில்லம்மா" என்றார் பாய்.

அவள் கடிதத்தை எடுத்துக்கொள்ளாமலே ஷட்டருக்குக் கீழே குனிந்து போய்விட்டாள். எனக்கு பாய்மேல் கோபம், எஸ்தர்மேல் இரக்கம். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

அன்று மாலையே பாய் எல்லாச் சீட்டையும் கிழிக்கச் சொன்னார். கடைசிப் பக்கம் இல்லாத புத்தகங்களையெல்லாம் தனியாக அடுக்கிவைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் திருவல்லிக்கேணிப் பழைய புத்தகக் கடைகளில் முழுப் பிரதிகளைத் தேடி அலைந்தார். கிடைத்ததிலிருந்து கடைசிப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வந்து தைத்தார். ஒவ்வொன்றாகச் சரிபார்த்ததில், பாய் தாராளமாகவே விளையாடியிருப்பது தெரிந்தது. ஒரு குடும்பக் கதையில் செத்துப்போன மாமியாரைப் பிழைக்கவைத்து மருமகளோடு திருப்பதிக்கு அனுப்பியிருந்தார். ஒரு துப்பறியும் கதையில் ஒரு பாவமும் அறியாத சமையல்காரரைக் கொலைகாரனாக்கித் தூக்கில் போட்டிருந்தார். "சமையல்காரர் என்ன பாய் பண்ணினார்?" என்று கேட்டேன். "மொதல்லேர்ந்தே அவன் முழி சரியில்லம்மா" என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. யார் எது கேட்டாலும், பாத்துட்டுச் சொல்றேன் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். ஊரப்பாக்கம் பஸ்ஸுக்குக்கூட.

படம் எங்கள் தியேட்டரில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாலை எஸ்தர் வந்தாள். வேறு பேச்சில்லாமல், "மரகதம் கதை இருக்கா? பழசு" என்று என்னிடம் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். அதற்கும் பாய் கடைசிப் பக்கங்களைச் சேர்த்துத் தைத்து வைத்திருந்தார். கவுண்டர் ஓரமாக நின்றுகொண்டே படித்தாள். பாய் கிண்ணத்திலிருந்து தலையை எடுக்கவில்லை, ஆனால் கை கிண்டுவதை நிறுத்தியிருந்தது.

அவள் புத்தகத்தை மூடினாள். "நல்லாத்தான் எழுதியிருக்காரு. படத்துலயும் நல்லாத்தான் எடுத்திருக்காங்க. நேத்து தனியா போய் இன்னொரு தடவை பார்த்தேன். அந்த மாத்திரை குடுக்கற இடத்துல அழுதுட்டேன்" என்றாள். பிறகு பாயின் பக்கம் திரும்பாமலே, "அவ திரும்பிப் போனது தப்புன்னு சொல்ல மாட்டேன். அவ அம்மா, அவ மனசு. ஆனா அவளுக்குச் சொல்றதுக்குக் கவுண்டர்ல யாரும் இல்ல பாரு அக்கா" என்றாள்.

நான் புத்தகத்தை அவளிடமிருந்து வாங்கியபோது, வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் என்ஜினை அணைக்காமலே உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அக்கா, இங்கதான் கதைக்கு முடிவு சொல்றாங்கன்னு வூட்ல சொல்லி அனுப்பிச்சிது. நேத்து படத்துக்குப் போய்க்கினு வந்தோம். கடைசில ரயில் வர்ற நேரம் பாத்து புள்ள அழுதுச்சா, எழுந்து வந்துட்டோம். அதுலேர்ந்து வூட்ல ஒரே ரோதனை. அந்தப் பொண்ணு வண்டில ஏறிச்சா இல்லியா?"

நான் பாயைப் பார்த்தேன். பாய் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். எழுதினவர் சொன்னதைச் சொல்ல வேண்டியது என் வேலை. சொல்வதற்காக நானும் மூச்சை இழுத்தேன்.

"ஏறிட்டா" என்றாள் எஸ்தர்.

"அப்பாடா! நானும் அதான் சொன்னேன். அப்பால இன்னா ஆச்சு?"

"ரெண்டு வருஷம் அவங்கம்மா பேசல. அப்புறம் பேசினாங்க. தம்பிங்க படிச்சாங்க, மாசாமாசம் இவதான் அனுப்பினா. அங்க வெயிலு தாங்காது, அழுவா. அவரோட சண்டை போடுவா. ரெண்டு பசங்க. அம்மா செத்தப்போ பக்கத்துல இல்ல, அது மட்டும் அவளுக்கு ஆறவே இல்ல."

"ஐயோ பாவம்" என்றார் ஆட்டோக்காரர், நிஜமாகவே முகம் வாடி. "அத்தெல்லாம் படத்துல வர்துங்களா?"

"இல்ல. இப்போ ஊரப்பாக்கத்துல வீடு கட்டிக்கிட்டு வந்துட்டா."

"நம்ம ஊரப்பாக்கமா? ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம்?"

எஸ்தர் பாயின் பக்கம் திரும்பினாள். அவள் உதடு துடித்துக்கொண்டிருந்தது, சிரிப்பா வேறெதுவுமா என்று எனக்குத் தெரியவில்லை. கிண்ணத்தில் கரண்டி மறுபடி சுற்ற ஆரம்பிக்கும் சத்தம் கேட்டது.

"கிழக்குப் பக்கம்" என்றார் பாய், தலையை நிமிர்த்தாமல். "மாடியில நீல பெயின்ட் அடிச்ச வீடு."